பதினேழு வயதுக்குச் சூட்டிய மகுடம்



விவிலியத்தில் நாம் அச்சத்தோடும் அன்போடும் வாசிக்கின்ற சொற்கள் சில உண்டு. ‘தெரிந்துகொள்ளப்பட்டவர்’ என்பது அவற்றுள் ஒன்று. எசாயா இறைவாக்கினரின் ஏட்டில் ஆண்டவரின் ஊழியனுக்கும், மலைமேல் உருமாறிய வேளையில் நம் மீட்பருக்கும் உரியதாக வரும் சொல் அது. அதே சொல்லை, 2002-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18-ஆம் நாளிட்ட அமெரிக்க விளையாட்டு இதழொன்று, 17 வயதுப் பள்ளி மாணவன் ஒருவனின் படத்தோடு சேர்த்துத் தன் அட்டையில் அச்சிட்டது. இதழின் பெயர் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’. மாணவனின் பெயர் லெப்ரான் ஜேம்ஸ். ஒஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரில், புனித வின்சென்ட் – புனித மரி உயர்நிலைப் பள்ளியில் அவன் அப்போது பதினோராம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். அது ஒரு கத்தோலிக்கப் பள்ளி.

நம் குடும்பப் பத்திரிகையில் அமெரிக்கக் கூடைப்பந்துக்கு என்ன வேலை என்று கேட்போர்க்கு, இந்தக் கடைசி வாக்கியமே நம் விடை. ஒரு சிறுவனை உலகம் விலை பேச வந்தபோது அவன் நம் திருச்சபையின் கூரையின் கீழ் இருந்தான். அந்தக் கூரை அவனுக்கு என்ன செய்தது என்பதை அறியும் கடமை நமக்கு உண்டு.

கூடைப்பந்து எளிய குடிப்பிறப்பு உடையது. 1891-ஆம் ஆண்டு டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பனிக்காலத்தில் மாணவர்களை அடக்கி வைக்க வழி தேடினார். பீச்சுப் பழம் அள்ளும் கூடைகள் இரண்டை மாடத்தின் விளிம்பில் அடித்து மாட்டி, 13 விதிகளை எழுதி, பக்கத்துக்கு 9 பேராக 18 பேரை ஆடவிட்டார். இறையியல் பயின்றவர் அவர். உடலைப் பேணுவதும் ஆன்மாவைப் பேணுவதும் வெவ்வேறல்ல என்று நம்பியவர். அந்த ஆட்டத்தினால் அவர் செல்வம் சேர்க்கவில்லை. கத்தோலிக்கப் பள்ளிகள் அவ்விளையாட்டை விரைவிலேயே ஏற்றுக்கொண்டன. நம் நாட்டிலும் எத்தனை கத்தோலிக்கப் பள்ளி முற்றங்களில் அக்கம்பங்கள் நிற்கின்றன!

அது வணிகமானது பிற்பாடு. 1980-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள், பிலடெல்ஃபியாவில், மேஜிக் ஜான்சன் என்னும் 20 வயது இளைஞர் தொழில்முறைச் சங்கத்தின் இறுதிப் போட்டியொன்றில் 42 புள்ளிகள் குவித்துத் தம் அணியை வெற்றிவாகை சூடச் செய்தார். அந்த ஆட்டத்தை அமெரிக்கத் தொலைக்காட்சி பெரும்பாலான ஊர்களில் நேரடியாகக் காட்டவே இல்லை. ஒளிநாடாவில் பதிவுசெய்து நள்ளிரவுக்குச் சற்று முன் ஒளிபரப்பியது. மக்களுக்கு அவ்வளவுதான் ஆர்வம் இருக்கும் என்பது வணிகர்களின் கணக்கு. அடுத்த பத்தாண்டுகளில் அந்தக் கணக்கு தலைகீழாயிற்று. 1984-இல் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற டேவிட் ஸ்டெர்ன் காலத்தில், அணிகளை முன்னிறுத்துவதைவிட ஆள்களை முன்னிறுத்துவதே பணம் தரும் என்று கண்டுகொண்டார்கள். அதே 1984-இல் நைக்கி என்னும் காலணி நிறுவனம் மைக்கேல் ஜோர்டானோடு ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டு அவர் பெயரில் காலணிகள் கடைக்கு வந்தன. ஐவர் ஆடும் ஆட்டத்தில் ஒருவரின் முகம் மட்டும் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. இன்று அந்தச் சங்கத்தின் ஒளிபரப்பு உரிமை, 2024-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 11 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 7,600 கோடி டாலர். நடுவர்கள்கூடப் பெரும்புள்ளிகளின் தவறுகளைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள் என்பது அந்நாட்டு இரசிகர்களின் பழைய முறையீடு. அது எவ்வளவு மெய்யோ! ஆனால் முகத்தை விற்பவர்கள் அந்த முகம் வெளியே உட்கார்ந்திருப்பதை விரும்பமாட்டார்கள் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

அடுத்த முகம் எங்கே கிடைக்கும் என்று தேடியவர்கள்தாம் ஏக்ரன் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அச்சிறுவனின் இளமைக்காலம் துயரமானது. அவன் பிறந்தபோது தாய்க்கு வயது 16. தந்தை உடன் இல்லை. வீடுவிட்டு வீடு மாறிக்கொண்டே இருந்தார்கள். நான்காம் வகுப்பில் அவன் பள்ளிக்கு வராத நாள்கள் 80-க்கு மேல். பின்னர் ஒரு பயிற்றுநரின் குடும்பம் அவனைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டது. வேளைக்கு எழுப்பி, வீட்டுவேலை பழக்கி, பள்ளிக்கு அனுப்பியது. எந்தப் பத்திரிகை அட்டையும் காணாத அந்தக் குடும்பம் செய்த வேலையை நாம் பெரிதாக மதிக்கிறோம்.

அவன் அந்தக் கத்தோலிக்கப் பள்ளியைத் தேர்ந்த காரணமும் இனிமையானது. சிறுவயது முதல் ஒன்றாக ஆடிய நண்பர்கள் நால்வர். கறுப்பின மாணவர்கள் மிகுந்த அரசுப் பள்ளிக்கே அவர்கள் செல்வார்கள் என்று ஊரார் எண்ணியிருந்தனர். ஆனால் நால்வரில் ஒருவன் மிகவும் குள்ளன். அரசுப் பள்ளியில் தனக்கு ஆட வாய்ப்புக் கிடைக்காது என்று அவன் கருதினான். அவன் எங்கே போகிறானோ அங்கேயே போவோம் என்று மற்ற மூவரும் முடிவுசெய்தனர். ஆக, உலகம் பின்னாளில் ‘அரசன்’ என்று அழைத்தவன், ஒரு குள்ள நண்பனுக்காகப் பள்ளியைத் தேர்ந்தவன். அட்டைப்படத்தில் இதற்கு இடம் இருக்கவில்லை.

அட்டை வெளிவந்த பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. உடற்பயிற்சிக்கூடம் கூட்டத்தைக் கொள்ளாமையால் உள்ளூர் ஆட்டங்கள் அதற்கு முன்பே ஏக்ரன் பல்கலைக்கழக அரங்குக்கு மாறியிருந்தன. அவ்வாண்டின் மாநில இறுதியாட்டத்தில் சின்சினாட்டி நகரத்து மற்றொரு கத்தோலிக்கப் பள்ளி இவர்களைத் தோற்கடித்தது. தலைக்கனம் ஏறியிருந்ததைப் பிற்காலத்தில் அந்நண்பர்களே ஒப்புக்கொண்டனர். ஆயினும் ஆரவாரம் குறையவில்லை. 2002 டிசம்பர் 12-இல் இப்பள்ளியின் ஆட்டம் ஒன்று நாடு முழுவதும் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. அவ்வட்டாரத்துக் கம்பிவடத் தொலைக்காட்சி, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வீட்டாரிடம் கட்டணம் வாங்கி, பள்ளிச் சிறுவர்களின் விளையாட்டைக் காட்டியது. லாஸ் ஏஞ்சல்ஸ் வரை அணி பறந்துபோய் ஆடிவந்தது. பள்ளிக்கும் வருவாய் வந்தது.

இப்போது நடந்ததைக் கவனியுங்கள். தாய் கடன் வாங்கி, மகனின் 18-ஆம் பிறந்தநாளுக்குப் பெரிய மோட்டார் வண்டி ஒன்றை வாங்கித் தந்தார். மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் விசாரித்து, விதிமீறல் இல்லை என்றது. சில நாள்களில் வேறொரு செய்தி வந்தது. கிளீவ்லண்டு நகரக் கடையொன்று பழைய வீரர்களின் பெயர் பொறித்த ஆட்டச் சட்டைகள் இரண்டை அவனுக்கு இலவசமாகத் தந்திருந்தது. மதிப்பு 845 டாலர். 2003 சனவரி 31-ஆம் நாள் சங்கம் அவனை ஆட்டத்திலிருந்து விலக்கியது. அவன் வழக்காடினான். நீதிமன்றம் தலையிட்டது. தண்டனை குறைந்து, திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் 52 புள்ளிகள் எடுத்தான்.

விதியை மீறியது மீறியதுதான், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நெஞ்சில் முள்ளாய்த் தைப்பது வேறு. அவன் ஆட்டத்தைக் காட்டித் தொலைக்காட்சி பணம் ஈட்டியது, விதிமீறல் இல்லை. அவன் படத்தைப் போட்டு இதழ் விற்றது, விதிமீறல் இல்லை. அரங்கச் சீட்டு விற்றது, விதிமீறல் இல்லை. இரண்டு சட்டைகளைப் பெற்றுக்கொண்ட சிறுவன் மட்டும் குற்றவாளி ஆனான். பெரியவர்கள் எழுதிய விதி பெரியவர்களுக்கு வசதியாகவே இருந்தது. அவ்வாண்டு, ஒரு தொழில்முறை ஆட்டமும் ஆடுவதற்கு முன்னே, காலணி நிறுவனம் அவனுக்கு 9 கோடி டாலர் அளவில் ஒப்பந்தம் தந்தது.

நம் பள்ளிகள் எப்போதும் இப்படித்தான் இருந்தனவா? ஒரு தலைமுறைக்கு முன் நியூயார்க் நகரில் நடந்ததை நினைவுகூர்வது நன்று. அங்கே அருட்சகோதரர்கள் நடத்திய பவர் மெமோரியல் பள்ளியில் லூ அல்சிண்டர் என்னும் ஏழடி உயரக் கத்தோலிக்கச் சிறுவன் ஆடினான். அவன் அணி தொடர்ந்து 71 ஆட்டங்களில் வென்றிருந்தது. 1965 சனவரி 30-ஆம் நாள், மேரிலாண்டின் டிமாத்தா கத்தோலிக்கப் பள்ளி 46–43 என்று அச்சங்கிலியை அறுத்தது. அவன் கைகளின் உயரத்துக்குப் பழகுவதற்காக டிமாத்தா பயிற்றுநர் தம் பிள்ளைகளுக்கு எதிரே டென்னிஸ் மட்டைகளைத் தூக்கிப் பிடிக்கச் செய்தாராம்! பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் அன்று அரங்கில் இருந்தனர். ஆக, ஆரவாரம் அன்றும் இருந்தது. ஆனால் அல்சிண்டரின் பயிற்றுநர் ஜேக் டொனஹியூ, செய்தியாளர் எவரும் பையனோடு பேசக்கூடாது என்று கதவை அடைத்துவிட்டார். கல்லூரிகளின் ஆள்பிடிப்பவர்களும் அவர் வழியாகவே வரவேண்டியிருந்தது.

இதைப் படித்து, அக்காலம் பொற்காலம் என்று சொல்லிவிடத் தோன்றும். அவசரம் வேண்டாம். அதே பயிற்றுநர், ஓர் ஆட்டத்தின் இடைவேளையில், சரியாக ஆடவில்லை என்று சினந்து, அவன் நிறத்தை இழித்துரைக்கும் கொடுஞ்சொல்லை அவன்மேல் வீசினார். அந்தக் காயம் பல ஆண்டுகள் ஆறவில்லை. அவன் பின்னர் இசுலாத்தைத் தழுவி, 1971-இல் கரீம் அப்துல் ஜபார் என்று பெயர் மாற்றிக்கொண்டான். ஒரு சொல்லால்தான் அவன் நம் திருச்சபையை விட்டுப் போனான் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வெளியார் வராதபடி கதவை அடைப்பது மட்டும் போதாது, உள்ளே இருப்பவர் எப்படிப் பேசுகிறார் என்பதும் உண்டு. ஏக்ரனில் கதவு திறந்து கிடந்தது. நியூயார்க்கில் கதவு சாத்தியிருந்தது, உள்ளேயே அடி விழுந்தது. இவ்விரண்டையும் நம் பள்ளி நிருவாகிகள் சேர்த்தே படிக்கவேண்டும்.

லெப்ரான் தாங்கினார். ஆம், இனி ‘அவர்’ என்றே எழுதவேண்டும். 2003 அக்டோபர் 29-ஆம் நாள் தம் முதல் தொழில்முறை ஆட்டத்தில் 25 புள்ளிகள் எடுத்தார். 18 வயதில் தூக்கி வைத்த சுமையை 40 வயதிலும் சுமந்தார். குடும்பத்தைப் பேணினார். 2018-இல் தம் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தோற்றுவிக்கத் துணைநின்றார். இதைக் காட்டி, பார்த்தீர்களா, ஆரவாரம் பொய்க்கவில்லை என்கிறார்கள் பத்திரிகைக்காரர்கள்.

பொய்த்த இடங்களை அவர்கள் எண்ணுவதில்லை. 2001-ஆம் ஆண்டுக் கோடையில், நியூஜெர்சியில் காலணி நிறுவனமொன்று நடத்திய பயிற்சி முகாமில், நாட்டின் தலைசிறந்த பள்ளி ஆட்டக்காரன் என்று புகழப்பட்டவன் லெப்ரான் அல்லன், லென்னி குக். இருவரும் மோதினர். லெப்ரானுக்கு 24 புள்ளி, குக்குக்கு 9. கடைசி நொடியில் வெற்றிப் பந்தை எறிந்தவனும் லெப்ரான்தான். முந்தின நாள் வரை குக்கைச் சுற்றி நின்ற கூட்டம் மறுநாள் அடுத்தவனைச் சுற்றி நின்றது. கல்லூரிக்குப் போகாமலே 2002-இல் தொழில்முறைத் தேர்வுக்குத் தன் பெயரைத் தந்தான் குக். ஒரே ஓர் அணிகூட அவனை அழைக்கவில்லை. பிலிப்பீன்சிலும் சீனத்திலும் ஆடினான். 2004-இல் வண்டி விபத்தில் கால் ஒடிந்தது. 2013-இல் அவன் கதையைத் திரைப்படமாக எடுத்தார்கள். அவன் வீழ்ச்சியும் காட்சிப்பொருளாயிற்று.

தொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த பெலிப்பே லோப்பஸும் நம் பள்ளிப் பிள்ளையே. நியூயார்க் ஹார்லெம் பகுதியில் அருட்சகோதரர்களின் ரைஸ் பள்ளியில் படித்தவர். கல்லூரியில் முதல் ஆட்டம் ஆடுவதற்கு முன்னே, 1994-இல், அதே இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. நல்ல ஆட்டக்காரர், நல்ல மனிதர். தொழில்முறைச் சங்கத்தில் நான்கு பருவங்கள் ஆடினார். வறுமையில் வந்த ஒரு புலம்பெயர்ந்த பிள்ளைக்கு இது பெருஞ்சாதனை அன்றோ? ஆனால் பெரிய மகுடத்தை முன்னதாகவே சூட்டிவிட்டதால், அந்தச் சாதனையையும் தோல்வி என்றே எழுதினார்கள்.

விவிலியம் அறியாத செய்தி அல்ல இது. சாமுவேல் தாவீதைத் திருநிலைப்படுத்தியபோது அவன் கடைக்குட்டி. எண்ணெய் வார்த்த பிறகும் அவன் ஆடு மேய்க்கத்தான் போனான். எக்காளம் ஊதப்படவில்லை. பிறகு கோலியாத்து வீழ்ந்தான். ஊர்ப்பெண்கள் கொட்டு முழக்கோடு வந்து, சவுலுக்கு ஆயிரமென்றும் தாவீதுக்குப் பதினாயிரமென்றும் கணக்குப் போட்டுப் பாடினார்கள். அன்றுமுதல் சவுலின் கண் தாவீதின்மேல் விழுந்தது, ஈட்டி பறந்தது. பாடியவர்கள் ஒரு தீங்கும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

அவ்வாறு பாடியவர்களே பிறகு எரித்த கதையும் உண்டு. லெப்ரான் கிளீவ்லண்டு அணியில் ஆடிய நாள்களில், நைக்கி நிறுவனம் அந்நகரத்துக் கட்டடமொன்றின் சுவரில், இரு கைகளையும் விரித்து வானத்தை நோக்கி நிற்கும் அவர் படத்தைப் பத்து மாடி உயரத்துக்கு நிறுத்தியிருந்தது. ‘நாங்கள் எல்லாரும் சாட்சிகள்’ என்பது எழுத்து. திருத்தூதர் பணிகள் நூலில் தூய ஆவியைப் பெறுவோர்க்கு நம் ஆண்டவர் தந்த பெயர் சாட்சிகள் என்பதை நாம் நினைவூட்டத் தேவையில்லை. 2010 சூலை 8-ஆம் நாள், தாம் எந்த அணிக்குச் செல்லப்போகிறார் என்பதை அறிவிக்க அவர் தொலைக்காட்சியில் ஒரு முழு நிகழ்ச்சியே நடத்தினார். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். வருவாயைச் சிறுவர் மன்றங்களுக்கு அளித்தது உண்மை. ஆயினும் ஒரு நகரத்தை விட்டுப் பிரிவதைக் களியாட்டமாக்கியது தவறென்றே நாம் கருதுகிறோம். மயாமிக்குச் செல்வதாகச் சொன்னார். அன்றிரவே கிளீவ்லண்டில் அவர் பெயர் பொறித்த சட்டைகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அணியின் உரிமையாளர் வெளிப்படையாக வசைக்கடிதம் எழுதி, சங்கத்துக்கு 1,00,000 டாலர் தண்டம் கட்டினார். சுவரில் இருந்த படத்தை இறக்கினார்கள். 2014-இல் திரும்பி வந்தார். அதே சுவரில் மீண்டும் ஏற்றினார்கள். 2016-இல், 52 ஆண்டுகளாகப் பெரிய பட்டம் எதுவும் காணாத அந்நகருக்குக் கோப்பை கிடைத்தது. கடைசி நிமிடத்தில் வெற்றிக்கு வழிவகுத்த பந்தை எறிந்தவர் கைரி ஏர்விங் என்னும் தோழர் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்களோ! 2018-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றார், மறுபடியும் இறக்கினார்கள்.

ஓர் ஆளையே நோக்கும் இப்பழக்கம் ஆட்டத்தையே மறைத்துவிடும் என்பதற்கு 2023 பிப்ரவரி 7-ஆம் நாள் சான்று. கரீம் அப்துல் ஜபார் 39 ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்து, 38,387 புள்ளிகளோடு ஓய்வு பெற்றவர். அவருடைய சாதனையை லெப்ரான் அன்று கடந்தார். ஆட்டத்தை நடுவில் நிறுத்தி விழா எடுத்தார்கள். கரீமே வந்து பந்தைக் கையில் தந்தார். இரண்டு கத்தோலிக்கப் பள்ளிகளின் பழைய மாணவர்கள்! அன்று வென்றது ஓக்லஹோமா அணி, 133–130. தோற்றது லெப்ரானின் அணி. மறுநாள் செய்தித்தாள்களில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ், 2020 நவம்பர் 23-இல் இச்சங்கத்தின் ஆட்டக்காரர் ஐவரை வத்திக்கானில் வரவேற்றார். உச்ச நட்சத்திரம் எவரும் அவர்களுள் இல்லை. சமூகநீதிக்காகத் தாங்கள் செய்துவந்த பணிகளைப் பற்றி அவர்கள் பேசினார்கள். கூட்டாக உழைப்பதையும் தாழ்மையையும் திருத்தந்தை பாராட்டினார். அச்சந்திப்பின் செய்தி ஓரிரு நாள்களில் மறைந்தது.

பெற்றோர்க்கு ஒரு செய்தி சொல்லவேண்டும். பள்ளிப் பிள்ளைகளை நேரே தொழிலுக்கு இழுக்கும் வழக்கத்தைத் தடுக்க, 2005-இல் சங்கம் வயது வரம்பை 19 ஆக்கியது. அதனால் ஆரவாரம் ஓயவில்லை; இன்னும் இளைய பிள்ளைகளைத் தேடிப்போயிற்று. லெப்ரானின் மூத்த மகன் தந்தையின் பெயரையே தாங்கியவன். சிறுவயது முதல் அவன் எறிந்த ஒவ்வொரு பந்தையும் உலகம் பார்த்தது, தந்தையோடு வைத்து அளந்தது. 2018-இல் தந்தையே வாய்விட்டுச் சொன்னார்: தமக்குத் தந்தை இல்லாத குறையை எண்ணித் தம் பெயரை மகனுக்கு இட்டதாகவும், அதற்காக இன்றும் வருந்துவதாகவும். திருமுழுக்கில் பிள்ளைக்கு ஒரு புனிதரின் பெயரைத் தேடித் தேடி வைக்கும் நாம், இந்தத் தந்தையின் வருத்தத்தை எளிதில் கடந்து செல்ல முடியாது. எவ்வளவோ பெற்றுவிட்ட ஒருவர், தம் பெயரே பிள்ளைக்குப் பாரமானதைக் கண்டார்.

2023 சூலையில் அம்மகன் பயிற்சியின்போது இதயம் நின்று விழுந்தான். இறையருளால் பிழைத்தான். மறு ஆண்டு, தந்தை ஆடும் அணியே அவனை 55-ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. தகுதியினாலா, தந்தையினாலா என்று நாடு முழுவதும் பட்டிமன்றம் நடந்தது. 20 வயதுப் பிள்ளையை ஏளனம் செய்வதற்கு எத்தனை பெரியவர்களுக்கு நேரம் இருந்தது! 2024 அக்டோபர் 22-ஆம் நாள் இரவு தந்தையும் மகனும் சேர்ந்து களத்தில் இறங்கினார்கள். அச்சங்கத்தின் வரலாற்றில் அதுவே முதன்முறை. மகன் ஆடியது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. இருமுறை கூடையை நோக்கி எறிந்தான், இரண்டும் தவறின. அவன் சட்டையின் முதுகில் ‘ஜேம்ஸ் ஜூனியர்’ என்று எழுதியிருந்தது.